இந்த மாத நாவலின் கடைசி அத்தியாயத்துக்குப் பதிலாக

எந்த நாவலை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுகிறவன் நீ. யார் சாகிறார்கள் என்று தெரிந்துகொண்டு படித்தால் பயமில்லை என்பாய். அந்தப் பழக்கத்தை நம்பி இங்கே எழுதுகிறேன். ஆடி பதினெட்டு நோம்பிக்கு வராதே. ரம்யாவையும் அழைத்து வராதே. உனக்கு வந்த வாய்ஸ் மெசேஜில் பேசியது நான்தான். வார்த்தைகளும் என்னுடையவைதான். யாரும் எழுதிக் கொடுத்துப் படிக்கவில்லை. இருந்தாலும் வராதே.

மற்றவர்கள் இந்தப் பக்கங்களில் ஆக்ரா கோட்டையைத் தேடுவார்கள். கதையின் இளவரசி, ஷாஜாதி மெஹர்பானு, நதியைக் கடந்தாளா என்று தெரிந்துகொள்ளக் காசு கொடுத்து வாங்கியவர்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் பிள்ளையிடம் பேச எனக்கு வேறு இடமில்லை. என் போன் சர்வீஸுக்குப் போயிருப்பதாகப் பெரியப்பா சொல்கிறார். அது அவருடைய சட்டைப்பையில் ஒலிப்பதைக் கேட்டேன். பதிவுத் திருமணம் முடிந்த கையோடு நீ நம்பரை மாற்றிவிட்டாய். மெயிலுக்கு எழுதிப் பார்த்தேன். பதிலில்லை. அதையும் மூடிவிட்டாய் போலிருக்கிறது. மூடியது சரிதான். உனக்குச் செய்தி சொல்ல மிச்சமிருந்தது மொபைல் கடை வைத்திருக்கும் உன் சிநேகிதன் ஒருவன். இப்போது தினமும் பெரியப்பா அந்தக் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவன் நல்ல பையன். பெரியவர் அழுதால் நம்பிவிடுவான்.

இந்த வீட்டிலிருந்து பெரியப்பா கண்ணில் படாமல் வெளியே போவது என் நாவல் ஒன்றுதான். எழுத்தாக இருக்கும்போது அவர் தொடமாட்டார். "அச்சுல படிச்சாத்தானுங்க படிச்ச மாதிரி இருக்குது" என்பார். தம்பி பெண்டாட்டி எழுத்தாளர் என்று சூலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்கிற மனுஷர். நேற்றுக்கூட வாசலில் நின்று கேட்டார், மொகலாயக் கதை முடிஞ்சுதுங்களா அம்மணி என்று. முடியப்போகுதுங்க மாமா என்றேன். ஆசிரியருக்கு மெயில் போட்டு, கதைக்குப் பதில் ஒரு கடிதம் அனுப்பினால் அப்படியே போடமுடியுமா என்று கேட்டேன். போடுகிறேன் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. மாதக் கடைசியில் புத்தகம் கடைக்கு வந்துவிடும். நோம்பி அதற்குப் பிறகு. நீ எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு கடையில் இதை வாங்குவாய். ஹாஸ்டலில் இருந்தபோதும் வாங்கினாய். அம்மா புத்தகத்தை ஓசியில் படிக்கக்கூடாது என்பாய். இதற்குமேல் என்னிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

நான் ஏன் மொகலாயர் காலத்தையே எழுதுகிறேன் என்று நீ கேட்டிருக்கிறாய். எம்.ஏ.வில் வரலாறு படித்ததால் என்று அப்போது சொன்னேன். அது பாதி. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், பக்கத்து ஊரில் ஒரு பெண் கிணற்றில் கிடந்தாள். தறி ஓட்டுகிறவனோடு பேசினாள் என்பதற்காக. அவளைப் பற்றி ஒரு கதை எழுதி அனுப்பினேன். ஆசிரியர் போன் செய்தார். "நல்லா வந்திருக்கும்மா. ஆனா இதை அப்படியே போட்டா ரெண்டு பேருக்கும் பிரச்சினை. டில்லிக்குத் தள்ளிப் போடுங்களேன்." தள்ளிப் போட்டேன். கிணறு யமுனை ஆயிற்று. தறிக்காரன் சலவைக்கல் செதுக்குகிறவன் ஆனான். அவள் அண்ணன்கள் தளபதிகள் ஆனார்கள். இந்த ஊரில் அவள் சாவுக்குப் போகாத வீடுகளில் எல்லாம் அந்தப் புத்தகத்தைப் படித்து அழுதார்கள். பெண்கள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்கும் அந்தப் பெண்ணின் நினைவு வரவில்லை. ஒருத்திக்குக்கூட.

அதிலிருந்து அதுதான் என் முறை. இங்கே நடப்பதை சில நூற்றாண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பது. நான் ஆக்ராவைப் பார்த்ததில்லை. என் கோட்டை மதில்கள் மூடிப்போன மில் காம்பவுண்டுச் சுவர்கள். என் அரண்மனை யானைகள் தொண்டாமுத்தூரில் நம் தென்னந்தோப்புக்குள் வந்துபோகிறவை. பன்னீரும் அத்தரும் மட்டும் புத்தகத்திலிருந்து. ஜோடி சேரக்கூடாது என்பது ஆசிரியர் சொல்லாமலே நான் புரிந்துகொண்ட விதி. அந்தஸ்து மீறிக் காதலித்தவர்கள் கடைசி அத்தியாயத்தில் சாகவேண்டும், அழகாகச் சாகவேண்டும். நிலவு இருக்கவேண்டும். அப்போதுதான் படிக்கிறவர்களுக்கு அழுகையும் வரும், நிம்மதியும் வரும். அந்த நிம்மதியைப் பற்றி நான் வெகுகாலம் யோசிக்கவில்லை.

ரம்யாதான் யோசிக்க வைத்தாள். கூடப் படிக்கிற பெண் என்று சொல்லி நீ அவளை வீட்டுக்கு அழைத்துவந்த நாள். போத்தனூரில் வீடு, அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்றாள். தாத்தாவுக்கு எந்த ஊர், என்ன பேர் என்று பெரியப்பா கேட்டார். சொன்னாள். அவளுடைய தாத்தா நம் தோப்பில் தேங்காய் போட்டவர் என்பதைப் பெரியப்பா அந்த ஒரு பதிலிலேயே கண்டுபிடித்துவிட்டார். நம் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. அவளுக்குப் பேப்பர் கப்பில். அவள் குடித்து முடித்துவிட்டு அந்தக் கப்பைத் தட்டையாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். இந்த வீட்டுக் குப்பையில்கூட விடவில்லை. நீ அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கிளம்பும்போது அலமாரியில் என் புத்தகங்களைப் பார்த்து, எல்லாம் படிச்சிருக்கேங்க என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க ஆன்ட்டி, உங்க கதைல ஒருத்தராச்சும் உசுரோட ஊடு போய்ச் சேருவாங்களா?"

"சேந்தா புக்கு விக்காது கண்ணு" என்றேன். எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும் சிரித்தார்.

அவருக்கு மிகப் பிடித்தது யானைப்பாகன் கதை. பாதுஷாவின் தம்பி மகள் ஒருத்தி, அரண்மனை யானைகளைப் பழக்குகிறவனோடு ஆற்றைக் கடந்து போய்விடுகிறாள். அவளுடைய பெரியப்பா அவர்களைத் துரத்தவில்லை. மன்னித்துவிட்டதாகச் சொல்லி, அவளை வளர்த்த செவிலித்தாயை அனுப்பி அழைக்கிறார். கூடவே இரண்டு அங்கிகள். மொகலாய தர்பாரில் ஒருவரைக் கௌரவிக்க அங்கி கொடுப்பார்கள். கில்லத் என்று பெயர். வாங்கியவர் அதை அங்கேயே உடுத்திக்காட்ட வேண்டும், மறுத்தால் அவமரியாதை. நஞ்சில் நனைத்த அங்கிகளைப் பற்றிக் கதைகள் உண்டு. நடந்ததா என்று வரலாறு படித்தவர்கள் சந்தேகப்படுவார்கள். நாவல் எழுதுகிறவளுக்கு அந்தச் சந்தேகம் தேவைப்படவில்லை. அவர்கள் உடுத்திக்கொண்டார்கள். நிலவு இருந்தது.

அந்தப் புத்தகம் வந்த மறுநாள் காலையில் பெரியப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளைக்கு அங்கிய மாட்டி உட்டுப்போட்டீங்களே. எனக்குச் சோறே எறங்கலீங்க."

"சேத்து வெச்சிருந்தா படிச்சிருப்பீங்களா மாமா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "சேந்திருந்தா அது வேற மாதிரி போயிருமுங்க."

"எப்படிங்க?"

"கொழந்த குட்டின்னு ஆயிருமில்லீங்க. பொறகு அதை எந்தக் கொலத்துல சேத்தறது?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. இல்லாத பாதுஷாவின் இல்லாத பேரப்பிள்ளைக்காக அவர் கவலைப்பட்டார். நான் உள்ளே வந்து சிரித்தேன். உங்கப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

இனி அந்த வாய்ஸ் மெசேஜ். நீ கல்யாணம் செய்துகொண்ட பிறகு பெரியப்பா கத்தவில்லை. அதுதான் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பங்காளிகள் வந்தார்கள், போனார்கள். வெளியே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் டீ கொண்டுபோனால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடும். பிறகு ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு துணிக்கடைப் பையோடு வந்தார். ஒரு பட்டுப்புடவை, ஒரு பட்டு வேட்டி. "ஆனது ஆச்சுங்க அம்மணி. நம்ம பையன். நோம்பிக்கு வந்து புதுத்துணி உடுத்திச் சாப்பிட்டுப் போகட்டும். நான் கூப்பிட்டா வரமாட்டான். பெத்தவ நீங்க கூப்பிடோணும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். அந்தப் புடவையை மடியில் வைத்துப் பார்த்தேன். ரம்யாவுக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவருடைய போனைத்தான் நீட்டினார். முதல் தடவை பேசினேன். அவர் போட்டுக் கேட்டார். பின்னால் தறிச் சத்தம் கேட்கிறது என்றார். எழுந்து போய்ப் பின்பக்கம் பார்த்து, "தறிய நிறுத்துடா" என்றார். உங்கப்பா நிறுத்தினார். எல்லாத் தறியையும். வேலை நாளில், மத்தியானத்தில். நீ பிறந்த அன்றைக்குக்கூட ஓடிய தறிகள் அவை. இரண்டாம் தடவை பேசினேன். "‘ரெண்டு பேரும் வாங்க’ங்கறத அழுத்திச் சொல்லுங்க அம்மணி" என்றார். "அந்தப் புள்ளை ஊட்டுல ஆரையும் கூட்டிட்டு வரவேண்டாம், நாமளே பொறகு போயி மொறையாக் கூப்பிட்டுக்கலாம்னு சொல்லுங்க." சொன்னேன். மூன்றாம் தடவை அவராகக் கேட்கவில்லை. நானே கேட்டேன். இன்னொருக்கா பேசறனுங்க மாமா, இது சரியா வரல என்று.

ஏனென்றால் அது சரியாக வரவில்லை. உணர்ச்சி அதிகமாக இருந்தது. நீ நம்பமாட்டாய் என்று தெரிந்தது. வசனத்தில் அழுகையைக் குறைத்து, தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை வைத்தால்தான் நிற்கும். இது என் தொழில். ‘உம்மேல ஆருக்கும் கோவமில்ல சாமி’ என்ற வரியை எடுத்தேன். ‘சந்தகை பிழிஞ்சு வெக்கறேன், தேங்காப்பாலு இந்தத் தடவை திக்காவே எடுக்கறேன்’ என்று சேர்த்தேன். கடைசியில் ஒரு மூச்சு விட்டு, ‘சரி, வெச்சர்றேன்’ என்றேன். கேட்டுப் பார்த்தபோது பெரியப்பாவின் கண்ணில் தண்ணீர். "நெம்ப நல்லா வந்துருச்சுங்க. பொஸ்தகத்துல வர்ற மாதிரியே இருக்குதுங்க அம்மணி." எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னைக் கூப்பிடும் வசனம் நன்றாக அமைந்த பெருமை. அவர் அனுப்பினார். உன் சிநேகிதன் வழியாக உனக்கு வந்திருக்கும்.

அனுப்பிவிட்டு எழுந்தபோதுதான் சொன்னார். "இங்க ஊட்டுல வேண்டாமுங்க, பங்காளிக எதாச்சும் பேசுவாங்க. தொண்டாமுத்தூர் தோப்புல வெச்சுக்கலாம். தோப்பாளுகளுக்கெல்லாம் லீவு குடுத்தாச்சு. ஒத்த ஆனை ஒண்ணு சுத்திட்டு இருக்குதாமா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. நான் புடவையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒற்றை யானை சுற்றுகிற தோப்புக்கு யாராவது புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைப்பார்களா. ஆளெல்லாம் பயந்து விலகிப்போன இடத்துக்கு. அங்கே காலையில் இரண்டு பேர் கிடந்தால் ஊரே யானையைத்தான் சொல்லும். கம்பி வேலியில் கரண்டு பாய்ந்துவிட்டது என்றால் அதையும் நம்பும். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். புதுத்துணி. வளர்த்தவளின் குரல். மன்னிப்பு. என் அத்தியாயம் அது. ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்.

போலீசுக்குப் போகலாமே என்பாய். என்ன சொல்வது. பட்டுப்புடவை எடுத்திருக்கிறார், விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்றா. நான் எழுதிய நாவலை மேஜைமேல் வைத்து, இதைப் பாருங்கள் என்றா. என்னிடம் இருப்பது நின்றுபோன தறிச் சத்தமும் ஒரு கற்பனைக் கதையும்தான். நான் தப்பாகவும் இருக்கலாம். அந்தச் சாத்தியத்தை உன்னிடமிருந்து மறைக்க மாட்டேன். உனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர். மனசாரத் திருந்தி, மனசாரப் புடவை எடுத்து, தோப்பில் காற்றாட இருக்கட்டும் என்று மட்டும் நினைத்திருக்கலாம். அப்படியென்றால் அச்சில் நான் அவரைக் கொலைகாரராக்கிவிட்டேன். அவர் இதைப் படிப்பார். இந்த ஊர் படிக்கும். நான் அதோடு இங்கே இருந்துகொள்வேன். அவர் என்னை வெறுக்கட்டும். நீ உயிரோடு இருந்து நான் பொய்க்காரியாவது எனக்குப் போதும்.

ஆனால் நேற்று வாசலில் நின்று அவர் கேட்டதையும் சொல்லவேண்டும். கதை முடியப்போகிறது என்று நான் சொன்னதும், "இந்த வாட்டியாச்சும் சேத்து வெய்யுங்க அம்மணி, பாவமுங்க அதுக" என்றார். முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. மெஹர்பானுவுக்காக அவர் உண்மையாகவே வருந்துகிறார். ரம்யாவுக்குப் பேப்பர் கப் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான். இத்தனை வருஷமாக ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று பாத்திரங்களைப் பிரித்துப் பிரித்து எழுதிவிட்டேன். எனக்கு இந்த ஆளை எழுதத் தெரியவில்லை. இவர் தோப்பில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு உன்னை அனுப்பமாட்டேன்.

உங்கப்பாவைப் பற்றி நீ கேட்பாய். தறியை நிறுத்தியவர் அவர். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணன் சொன்னால் கேட்டே பழகியவர். இன்று மத்தியானம் நான் இதை எழுத உட்கார்ந்தபோது உள்ளே வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார். கதையா என்றார். ஆமா என்றேன். கொஞ்சநேரம் நின்று திரையில் ஏதோ ஒரு வரியைப் படித்திருக்க வேண்டும். உன் பெயர் எங்கும் இல்லை, ஆனாலும் படித்தால் தெரியும்.

"எத்தன பக்கம் பாக்கி?"

"கடைசிதான்."

"எழுதிப்போடு" என்றார். "அண்ணன் வந்தா நான் பேசிட்டிருக்கறேன்." வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய முதுகு தெரிகிறது. அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதைக் குறைவாக எண்ணாதே. அதிகமாகவும் எண்ணாதே.

அம்மா என்கிற முறையில் கல்யாணமான பிள்ளைக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்பார்கள். நான் சொல்வதெல்லாம் சின்னச் சின்னது. இப்போது இருக்கிற வீட்டின் படத்தை யாருக்கும் அனுப்பாதே. அந்தச் சிநேகிதனிடம் கோபித்துக்கொள்ளாதே, அவன் ஏமாந்திருக்கிறான். ரம்யாவின் அப்பாவிடம் இந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டு, தோப்புப் பக்கம் அவர்களும் போகவேண்டாம் என்று சொல். நோம்பியன்று அழுகை வந்தால் அழுதுவிடு, ஆனால் பஸ் ஏறாதே. அவளோடு சண்டை வரும்போது, உனக்காகத்தான் வீட்டை விட்டேன் என்று ஒருநாளும் சொல்லிவிடாதே. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். என் கதாநாயகர்களில் பாதிப்பேர் அதைச் சொன்னவர்கள். அது அங்கியைவிட மெதுவாக வேலை செய்யும். வயதாகுங்கள். தலை நரைக்கட்டும், மாத்திரை டப்பா வரட்டும், கரண்டு பில்லுக்குச் சண்டை போடுங்கள். யாரும் உங்களைப் பற்றி ஒரு வரி எழுத முடியாத அளவுக்குச் சாதாரணமாக இருங்கள்.

இது அச்சில் வந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு தேதி சொல்வார்கள். வேறு இடம் சொல்வார்கள். என்னையே மறுபடி பேசச் சொல்வார்கள். நான் மறுத்துப் பார்ப்பேன். எவ்வளவு நேரம் மறுப்பேன் என்று எனக்கே உறுதியில்லை. பேசினால் நன்றாகவே பேசுவேன், அடுத்த தடவை இன்னும் நன்றாக. நம்பாதே. உடம்புக்கு முடியவில்லை என்று செய்தி வரும். வராதே. நான் செத்துவிட்டேன், கொள்ளி வைக்க வா என்று சொல்லியனுப்புவார்கள். அதற்கும் வராதே.

உண்மையாகவே செத்திருந்தாலும்.